இருசப்பன் அனுப்பியது

மழை வருமா வராதா என்று தெரியாமல் உப்பளத்தில் வேலை செய்ய முடியாது. அதனால் மரக்காணத்தில் எங்கள் யாராலும் ஃபோனை அணைத்து வைக்கவும் முடியாது. எனக்கு மட்டும் பதினோரு குரூப். மழைச் செய்தி ஒன்று வந்தால் அதன் தலைமேல் கல்யாணப் பத்திரிகை, காணாமல்போன நாய், சர்க்கரைக்கு வெந்தயம் என்று நாற்பது வந்து உட்காரும்.

அதில் பாதி இருசப்பன் அனுப்பியது. பக்கத்துப் பாத்தியில் உப்பு வாருகிறவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நல்ல மனுஷன். ஆனால் கைக்கு வந்ததையெல்லாம் தள்ளிவிடுவார். பங்குனியில் ஒரு நாள் ‘இன்று மாலை கனமழை’ என்று அனுப்பினார். அடித்துப்பிடித்து உப்பைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினோம். ஒரு சொட்டு விழவில்லை. அது இரண்டு வருஷத்துப் பழைய செய்தி. வந்த கோபத்தில் அவரை மட்டும் மியூட்டில் போட்டேன். இப்போதுதான் நிம்மதி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

தண்ணீர் இறைக்கிற எஞ்சின் இரைச்சலில் அங்கே கூப்பிட்டால் காதில் விழாது, ஃபோன் பேசவும் முடியாது. எதுவானாலும் வாய்ஸ் மெசேஜ்தான். சித்திரையில் ஒரு காலை பத்து மணிக்கு அவருடைய வாய்ஸ் ஒன்று வந்திருப்பதைப் பார்த்தேன். பத்தொன்பது விநாடி. இன்னொரு வைத்தியக் குறிப்பு என்று நினைத்து விட்டுவிட்டு மற்றதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்றரைக்கு அவரை வரப்பிலிருந்து தூக்கினோம். உயிர் இல்லை.

அதை நான் திறக்கவில்லை, அழிக்கவும் இல்லை. பயமாக இருந்தது. சட்டைப் பையில் ஃபோன் அதிரும்போதெல்லாம் அவர்தான் என்று தோன்றும். மற்ற எல்லாவற்றையும் திறந்து கேட்டேன், காணாமல்போன நாயைக்கூட விடவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அவர் மனைவி முத்தம்மாள் அவருடைய ஃபோனோடு என் வீட்டுக்கு வந்தார்.

“தம்பி, கடைசியா உனக்குத்தான் என்னவோ பேசி அனுப்பியிருக்காரு. எம்பொண்ணு போட்டுக் காட்டறேன்னுச்சு. நான்தான் வேணான்னுட்டேன். உனக்குச் சொன்னத உன்ன வெச்சிக்கினுதான் கேக்கணும்.”

“ஏதாவது ஃபார்வர்டா இருக்கும்க்கா,” என்றேன். “அப்பறமா பாக்கலாமே.”

“அவரு குரல்தான தம்பி. எதுவா இருந்தா என்ன.”

அவர் நீட்டிய ஃபோனில் அதை அழுத்தினேன். முதலில் மூச்சு வாங்கும் சத்தமும் எஞ்சின் சத்தமும்தான் கேட்டன.

“டேய் மணி… மாரு அடைக்குதுடா. கத்த முடியல. வரப்புல உக்காந்திருக்கேன். உன்ன இங்கேர்ந்தே பாக்கறேன்… ஃபோனத்தான் பாத்துக்கினு இருக்க. வாடா…”

அவ்வளவுதான். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். அக்கா திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று காத்திருந்தேன். தூற்றினால் தேவலை என்று இருந்தது.

முத்தம்மாள் ஃபோனைக் காதோரம் கொண்டுபோனார்.

“இன்னொரு தடவ போடு தம்பி,” என்றார்.