அப்பா சிரித்த படம்

இடைவேளை முடிந்து விளக்கு அணைந்தபோது, தாம்பரம் தியேட்டரில் அந்த வரிசை முழுக்கச் சேட்டுவின் ஆட்கள்தான். அவர் வண்டி ஓட்டும் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஏழு பேர், அப்புறம் சேட்டு, ஓரத்தில் அவர் மகள் ஹேமாவதி. மகளுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்ததற்கு ட்ரீட். படமும் காலேஜ் சீட்டுக்காகப் பையன்கள் அடிக்கிற கூத்துதான். இதைவிடப் பொருத்தமாக ஒரு படம் உண்டா என்று சேட்டுவே தேடிப் பிடித்து டிக்கெட் எடுத்திருந்தார்.

சீட் கிடைத்தது பொய்யில்லை. கவுன்சிலிங்கில் படப்பைப் பக்கம் ஒரு காலேஜ் வந்தது. வந்த அன்றைக்கே ஊரப்பாக்கம் ஸ்டேஷன் ரோட்டில் மகள் படம் போட்டு பேனர் கட்டிவிட்டார் மனுஷன். ஆனால் உறுதி செய்ய இரண்டு நாள் அவகாசம் இருந்தது. கூடப் படித்தவர்கள் பெரிய பெரிய காலேஜ் பெயராகச் சொல்ல, ஹேமாவதிக்குப் புத்தி கெட்டது. 'இது வேண்டாம், இதற்கு மேலே உள்ளது மட்டும் போதும்' என்ற கட்டத்தைப் போனில் அழுத்தினாள். இருக்கிறதை விட்டுப் பறக்கிறதுக்கு ஆசைப்பட்ட கதைதான். மேலேயும் வரவில்லை, இதுவும் போயிற்று, கடைசிச் சுற்றும் முடிந்தது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். பேனருக்குக் கீழே நின்று அவர் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்ததைப் பார்த்தபின் வாய் வரவில்லை. பதினொரு நாளாக வீட்டுச் சோற்றைத் திருடித் தின்கிறவள் போலத் தலைகுனிந்து தின்றாள்.

திரையில் ஒரு பையன் போலி அட்மிஷன் லெட்டரை நீட்டினான். அதை நம்பிய அப்பன் தெரு முழுக்க லட்டு கொடுத்து, லுங்கியை மடித்துக்கட்டி ஆடினான். தியேட்டரே அதிர்ந்தது. சேட்டு தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்து, மறுபக்கம் உட்கார்ந்திருந்த ஸ்டாண்டுப் பையனிடம் திரும்பினார்.

“டேய் சுகுமாரு, இன்னாடா அப்பன் இவன்! புள்ள காதுல பூ சுத்திக்கினு கீறான், இது லட்டு குடுத்துக்கினு கீது!”

ஹேமாவதிக்கு உடம்பெல்லாம் கூசியது. தன்னை நினைத்து வெட்கப்படுவது இத்தனை நாளில் பழகியிருந்தது. இப்போது அவரை நினைத்து வெட்கமாக இருந்தது, அதைத் தாங்க முடியவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் அவரை இப்படிச் சிரிக்க விடுவது பாவம் என்று பட்டது.

“அப்பா.”

“இன்னாம்மா? பாப்கார்ன் வோணுமா?”

“எனக்கு சீட் இல்லப்பா. நான்தான் பெரிய காலேஜ் வேணும்னு அத வுட்டுட்டேன். எல்லா ரவுண்டும் முடிஞ்சிடுச்சு.”

சேட்டு திரும்பினார். வாயில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் மட்டும் போய்விட்டது.

“எத்தினி நாளாச்சு?”

“பதினோரு நாளு.”

அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் அந்தப் பக்கமிருந்து சுகுமார் அவர் தோளைப் பிடித்து உலுக்கினான்.

“அண்ணா, இங்க பாருண்ணா, பேண்டு மேளமே வெச்சிட்டான் அந்தாளு!”

வரிசை முழுக்கச் சிரித்தது. சேட்டு மெல்லத் திரைப்பக்கம் திரும்பினார். எல்லோரும் சிரித்து ஓய்கிற நேரத்தில் அவரும் சிரித்தார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, சத்தமாக.