ரன்வே காலி

தரையிலிருந்து இருநூறு அடி உயரத்தில் யதுகிரி அதை மறுபடியும் பார்த்தாள். ஓடுதளத்தின் இடது ஓரம், கரும்புத் தோட்டத்து வேலியை ஒட்டிய புல்லில், கருப்பாக ஒன்று தலையைத் தாழ்த்தி நின்றுகொண்டிருந்தது.

"மேலே போ," என்றாள்.

பக்கத்து இருக்கையில் விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்த மாணவி ஸஞ்சனா முழு விசை கொடுத்தாள். இரண்டு பேர் அமரும் சின்ன விமானம் முனகிக்கொண்டு எழும்பியது. அன்று காலை இது இரண்டாவது தடவை.

ரேடியோவில் லிங்கப்பனின் குரல் வந்தது. ஜீப்பில் ஓடுதளத்தைச் சுற்றிவந்து, விலங்கு பறவை ஏதும் உண்டா என்று பார்ப்பது அவர் வேலை.

"வேலி வரைக்கும் போய்ப் பாத்துட்டனுங்க மேடம். ஒண்ணுமே இல்லீங்க. ரன்வே காலி."

எட்டு மாதம் முன்பு அதே வார்த்தைகளை ரேடியோவில் சொன்னவள் யதுகிரிதான்.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அப்பால் இருந்த அந்தப் பயிற்சித் தளத்தைச் சுற்றிலும் கரும்பு. கரும்பு முற்றினால் காட்டுப்பன்றி வரும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். அன்று ஆள் குறைவென்று அவளும் லிங்கப்பனோடு ஜீப்பில் ஏறியிருந்தாள். வேலியோரம் புல் அசைந்தது. காற்று என்று நினைத்துக்கொண்டாள். காற்றே இல்லாத காலை அது. மேலே விமானத்தில் காத்திருந்த விஜய்குமார் பத்து வருஷமாக அவளோடு பாடம் நடத்தியவன். "ரன்வே காலி, வா விஜய்," என்றாள். சக்கரம் தரையைத் தொட்டதும் பன்றி குறுக்கே பாய்ந்தது. முன்சக்கரம் முறிந்து விமானம் கவிழ்ந்தது. அவன் பிழைக்கவில்லை.

புல்லில் ஏதாவது பார்த்தீர்களா என்று விசாரணையில் கேட்டார்கள். இல்லை என்றாள். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் அது அங்கே நின்றது.

"மேடம், எனக்கு அங்க ஏதும் காணல," என்றாள் ஸஞ்சனா தயங்கி.

மூன்றாவது சுற்றிலும் நின்றது. யதுகிரியின் கை கட்டுப்பாட்டுக் கோலை நோக்கிப் போனது. இப்போது தொட்டால் எரிபொருள் தீரும்வரை இறங்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

"நீயே இறக்கு. நான் என்ன சொன்னாலும் கேக்காதே."

விமானம் அதைக் கடந்தபோது அது தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. மூக்கில் ஈரம்கூடத் தெரிந்தது. சக்கரம் தரையைத் தொட்டது. எதுவும் குறுக்கே வரவில்லை.

ஸஞ்சனா போனபின், விபத்தன்று புல் அசைந்ததைப் பார்த்ததையும் இப்போது அங்கே தெரிவதையும் யதுகிரி லிங்கப்பனிடம் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நானும் பாத்தனுங்க. வண்டிய ஓட்டுனது நாந்தானுங்களே. நீங்க காலின்னதும் சரியாத்தான் இருக்கும்னு வாய மூடிக்கிட்டன். என்னையும் கேட்டாங்க. இல்லைன்னுட்டன்."

"உங்களுக்கும் அது தெரியறதா?"

"தெரியறதில்லீங்க. சத்தந்தான். ஜீப்ப நிறுத்துனா பின்னால உறுமுது."

அன்று மத்தியானமே இருவரும் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். விசாரணை அதிகாரிகளுக்கு அனுப்புவதற்கு முன், விஜயநகர்ப் பகுதியில் இருந்த விஜய்குமாரின் மனைவி மனிஷாவிடம் கொண்டுபோனார்கள். அவள் வாசலில் நின்றபடியே இரண்டு தடவை படித்தாள்.

"கடைசி நிமிஷத்துல அவர் என்ன தப்புப் பண்ணினார்னு இத்தனை நாளா யோசிச்சிண்டிருந்தேன்," என்றாள். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "அனுப்பிடுங்கோ. ஆனா இனிமே இங்க வராதீங்கோ."

அனுப்பினார்கள். மூன்று வாரத்தில் யதுகிரியின் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். லிங்கப்பனை வேலையைவிட்டு நீக்கினார்கள்; அவர் சொந்த ஊரான ஹனூருக்குக் கிளம்பினார். பஸ் ஏற்றிவிடப் போனபோது, அந்தச் சத்தம் இன்னும் கேட்கிறதா என்று அவள் அவரைக் கேட்கவில்லை. பஸ் நகர்ந்ததும் அவர் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தார்.