ஒரு விரல் நுழையும் இடம்

காலை ஒன்பதரை மணிக்குக் கால் முறிந்தது. விசில்காரருக்கு அதில் வருத்தம் இருந்ததே தவிர, ஆச்சரியம் இல்லை. பதினெட்டு வருடமாகக் கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டுகிற ஆள் அவர். இரும்பும் சிமெண்டும் தலைக்கு மேலே போய்வருகிற இடத்தில் இத்தனை நாள் நகக்கீறலோடு தப்பித்ததே பெரிய விஷயம் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அன்றைக்குக் கிரேன் மேலும் தப்பில்லை. கம்பிக்கட்டைப் பூப்போல இறக்கி, இரண்டு மரக்கட்டைகள் மேல் உட்காரவைத்து, கொக்கியையும் கழற்றியாகிவிட்டது. அப்புறம்தான் ஒரு மரக்கட்டை பிளந்துகொண்டது. கம்பிக்கட்டு உருண்டு வந்து, இடது கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே ஒரே போடாகப் போட்டது. விழுகிற நேரத்திலும் கழுத்தில் தொங்கிய விசிலை வாயில் வைத்து நீளமாக ஊதிவிட்டுத்தான் விழுந்தார். மேலே கேபினில் இருந்தவன் கிரேனை அப்படியே நிறுத்திவிட்டு, ஏணியில் பாதி இறங்கியும் பாதி வழுக்கியும் கீழே வந்து சேர்ந்தான். அவன் வேறு யாருமில்லை, அவருடைய மனைவியின் தம்பி.

"மாமா! மாமா! உசுரோட இருக்கீங்களா?"

"இல்ல, செத்துட்டேன். விசில் மட்டும் தனியா ஊதுது. தூக்குடா மாப்ள."

அந்த வேலையிடத்தில் நீள விசிலுக்கு ஒரே அர்த்தம்தான்: நிறுத்து. யார் ஊதினாலும் நிறுத்தவேண்டும். முதலாளி ஊதினாலும் சரி, கூட்டிப் பெருக்குகிறவர் ஊதினாலும் சரி. நிறுத்திவிட்டு என்ன ஏது என்று பார்க்கவேண்டும். ஒன்றுமில்லை என்றால் மறுபடி ஓட்டிக்கொள்ளலாம். எதற்கு வீணாக ஊதினாய் என்று யாரையும் திட்டக்கூடாது.

இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் விசில்காரர்தான். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், மேலே போகிற லோடைக் கட்டியிருந்த பெல்ட் நழுவுகிற மாதிரி அவர் கண்ணில் பட்டது. மாதிரிதானே, ஊதினால் சூப்பர்வைசர் குதிப்பாரே என்று விசிலை உதட்டில் வைத்துக்கொண்டு மூன்று எண்ணும் நேரம் யோசித்தார். லோடு விழுந்தே விட்டது. கீழே இருந்த தள்ளுவண்டி தகடாகிப் போனது. அதைத் தள்ளிக்கொண்டிருந்தவர் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். விசில்காரருக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு அவர் யோசித்ததும் இல்லை. நிறுத்தச் சொல்லி நீட்டிய கையைச் சங்கதி சரியாகாமல் இறக்கியதும் இல்லை.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு இரண்டு இடத்தில் போயிருந்தது. இளவயது டாக்டர் ஒருவர் காலை இழுத்து நேராக்கி, முட்டிக்குக் கீழேயிருந்து கால்விரல் வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டார். நல்ல பிள்ளைதான், கை சுத்தமான வேலை. ஆனால் அவருக்கு அன்றைக்கு நின்று பேச நேரமில்லை. வெளியே வரிசை கதவு தாண்டி நின்றது.

பன்னிரண்டரைக்கு மனைவி வந்து சேர்ந்தாள். அவள் தையல் கடையில் வேலை செய்கிறவள். கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கழற்றக்கூட நேரமில்லாமல் ஓடி வந்திருந்தாள். வந்தவள் அழவில்லை. முகத்தைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், மாவுக்கட்டின் மேல் விளிம்பில் ஆள்காட்டி விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தாள்.

"ஒரு விரல் தாராளமா போகுது. நல்லாத்தான் தைச்சிருக்காங்க."

"உன் புத்தி உன்னை விட்டுப் போகுமா?" என்று அவர் சிரித்தார். அப்போது சிரிக்க முடிந்தது.

இரண்டு மணிக்குச் சிரிப்பு போய்விட்டது. முதலில் போட்ட ஊசியின் வேகம் குறைந்ததும் வலி வந்தது. ஆனால் வரவேண்டிய இடத்தில் வரவில்லை. முறிந்த இடம் ஒரு மூலையில் முனகிக்கொண்டு கிடக்க, கெண்டைக்கால் முழுவதையும் உள்ளேயிருந்து யாரோ ஊதிப் பெருக்குகிற மாதிரி இருந்தது. கட்டுக்கம்பியை முறுக்குகிறவன் போதும் என்று நிறுத்தாமல் இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று முறுக்கிக்கொண்டே போனால் எப்படி இருக்கும், அப்படி. கால் விரல்களில் எறும்பு ஊர்ந்தது.

நர்ஸ் வந்தாள். வார்டு முழுக்க ஒருத்தியாக ஓடிக்கொண்டிருந்தாள், பாவம்.

"சிஸ்டர், வலி அதிகமாயிட்டே போகுது."

"முறிஞ்ச கால் வலிக்காம பின்ன என்ன பண்ணும்? ஊசி போடறேன், அடங்கிடும்."

போட்டாள். அடங்கவில்லை. மூன்று மணிக்கு இளம் டாக்டர் அந்த வழியாகப் போகும்போது அவரையும் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவர் குனிந்து கட்டைவிரல் நகத்தை அழுத்தினார், விட்டார்.

"பாருங்க, அழுத்தினா வெளுக்குது, விட்டா செவக்குது. ரத்தம் ஓடுது. பயப்படாதீங்க. ஆறு மணிக்கு ரவுண்ட்ஸ் வரும்போது பார்க்கறேன்."

"டாக்டர், இது வேற மாதிரி வலி" என்று விசில்காரர் சொல்லி முடிப்பதற்குள் அவர் கதவுக்கு வெளியே போயிருந்தார்.

மைத்துனன் கட்டில் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நூறடி உயரத்தில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து டன் கணக்கில் தூக்குகிறவன், வெள்ளைக் கோட்டைக் கண்டால் ஒடுங்கிவிடுவான்.

"மாமா, கொஞ்சம் பொறுத்துக்கங்க. படிச்சவங்க சொல்றாங்க. நாம எதுனா சொல்லப் போயி, அவங்க கோவிச்சுக்கிட்டா?"

விசில்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "மாப்ள, நீ மேல இருக்க. உனக்கு எல்லாம் தெரியும். ஆனா லோடு உக்கார்ற எடம் உனக்குத் தெரியாது. அதுக்குத்தான் நான் கீழ நிக்கிறேன். அவங்களுக்கு எலும்பு தெரியும். இந்தக் கட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத்தான் தெரியும்."

"ரத்தம் ஓடுதுன்னாரே மாமா?"

"ஓடுது. எதுக்கு இப்படிக் கொல்லுதுன்னு அவர் சொல்லலையே."

மூன்றே முக்காலுக்கு நர்ஸ் இன்னொரு ஊசியோடு வந்தாள்.

"இது கொஞ்சம் பலமான ஊசி. போட்டா நல்லா தூங்கிடுவீங்க."

"வேணாம் சிஸ்டர்."

"என்ன வேணாம்? வலிக்குதுன்னு நீங்கதானே கத்துறீங்க?"

"தூங்கிட்டா யாரு சொல்றது? டாக்டர் வந்து பாக்கட்டும், அப்புறம் குத்துங்க. ரெண்டா வேணும்னாலும் குத்துங்க."

"ஆறு மணிக்கு வர்றேன்னு சொல்லியிருக்காரே."

மனைவி எழுந்து மாவுக்கட்டின் விளிம்புக்குப் போனாள். மத்தியானம் தாராளமாகப் போன அதே விரல். நுழையவில்லை. சுண்டுவிரலை வைத்தாள். அதுவும் நுழையவில்லை. நகத்தைக் கொடுத்துப் பார்த்தாள். துணியில் ஊசி இறங்க மறுக்கிற இடத்தில் தையல்காரி எப்படி நிற்பாளோ அப்படி நின்றாள்.

"சிஸ்டர், இங்க வாங்க. பன்னெண்டரைக்கு ஒரு விரல் போச்சு. இப்போ நகம்கூடப் போகல. கட்டு சுருங்கல. உள்ள கால் பெருத்துட்டு வருது. டாக்டரை இப்பவே கூப்பிடுங்க."

நர்ஸுக்கும் முகம் மாறியது. போனை எடுத்தாள். இளம் டாக்டர் யாருக்கோ கை முறிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலைத் தூக்கி வையுங்கள், வந்துவிடுகிறேன் என்றார். நர்ஸ் போனை வைத்து, காலுக்கடியில் தலையணை கொடுத்து உயர்த்திவிட்டு, தான் என்ன செய்யட்டும் என்பது போல் இவர்களைப் பார்த்தாள்.

விசில்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் கைப்பையைத் திறந்தாள். ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்திருந்த அழுக்குச் சட்டை, அதற்குள் சுற்றியிருந்த கயிறு, கயிற்றின் நுனியில் விசில். ஆஸ்பத்திரியில் இதெல்லாம் செய்யலாமா என்று அவள் கேட்கவில்லை. சிக்கெடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"அக்கா!" என்றான் தம்பி.

"நீ காதைப் பொத்திக்க" என்றாள்.

விசில்காரர் ஊதினார். ஒரே நீள விசில். எட்டு மாடிக்குக் கேட்கிற விசில் அது, நாலு சுவருக்குள் கேட்டால் எப்படி இருக்கும்? தட்டு விழுந்தது. யாரோ அம்மா என்றார்கள். மைத்துனனுடைய வலது கை, தானாகவே முன்னால் போய், அங்கே இல்லாத கிரேன் கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்து நின்றது. எதிர் வரிசையில் இருந்தவர்களெல்லாம் எழுந்து உட்கார்ந்தார்கள்.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவர் பெரிய எலும்பு டாக்டர். ஆபரேஷன் அறையிலிருந்து வெளியே வந்த சமயம் போல. தலையில் பச்சைத் தொப்பி இருந்தது. ஐம்பது வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு.

"யாரு அது? இது ஆஸ்பத்திரியா, மைதானமா?"

"நான்தான் டாக்டர்" என்று விசில்காரர் கையைத் தூக்கினார். "திட்டணும்னா அப்புறம் உக்காந்து நிதானமா திட்டுங்க. கேட்டுக்கறேன். மொதல்ல காலைப் பாருங்க."

அந்த அம்மா ஒரு நொடி அவரையே பார்த்தார். பிறகு கட்டிலுக்கு வந்து, கால் கட்டைவிரலை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக மேல் பக்கம் வளைத்தார். அவ்வளவுதான். விசில்காரர் போட்ட சத்தத்துக்கு முன்னால் விசில் ஒன்றுமே இல்லை.

"எப்பலேர்ந்து?"

மனைவி சொன்னாள். பன்னிரண்டரைக்கு ஒரு விரல், இப்போது நகமும் இல்லை. இரண்டு ஊசிக்குப் பிறகும் வலி ஏறியது. இது வேறு மாதிரி வலி என்று மூன்று மணிக்கே இவர் சொன்னார். மணிவாரியாக, அளவு சொல்கிற மாதிரி சொன்னாள். டாக்டர் குறுக்கே பேசவில்லை.

"மாவுக்கட்டை வெட்டற மெஷின் கொண்டாங்க. இப்பவே. காலைத் தூக்கி வச்சது யாரு? சமமா வைங்க. தியேட்டர்ல சொல்லுங்க, நான் திரும்பி வர்றேன்னு."

மாவுக்கட்டை இரண்டு பக்கமும் பிளந்து, உள்ளே இருந்த பஞ்சையும் தோல் தெரிய வெட்டினார்கள். கால் பளபளவென்று கட்டையாக இருந்தது. தட்டினால் சத்தம் வரும் போலிருந்தது. கட்டு போனதும் வலி கொஞ்சம் இறங்கியது. ஆனால் விரலை வளைத்தபோது மறுபடி அதே கத்தல்.

டாக்டர் விசில்காரரின் முகத்துக்கு நேராக வந்து பேசினார்.

"உள்ள சதை வீங்கி, விரிய எடமில்லாம நெருக்குது. வெளிய நகம் செவந்தாலும் உள்ள சதைக்கு ரத்தம் போகாது. ரெண்டு பக்கமும் தோலைக் கீறி எடம் விடணும். உடனே செய்யணும். இன்னும் ரெண்டு மணி நேரம் விட்டா கால் நம்ம கையில இல்ல."

"கீறினா கால் நிக்குமா?"

"நேரத்துக்குச் சொல்லியிருக்கீங்க. நிக்கும்னு நம்பறேன்."

"சரி. கீறுங்க. ஒண்ணு கேக்கணும்."

"சீக்கிரம் கேளுங்க."

"திரும்பி வந்த பிறகு மணிக்கொரு தரம் யாரு வந்து பாப்பாங்க? மேல போன லோடு தரையில உக்கார்ற வரைக்கும் நாங்க எடத்தை விட்டு நகரமாட்டோம். பாக்கறவங்க பேரை எழுதி இவ கையில குடுங்க."

மைத்துனன் கண்ணை மூடிக்கொண்டான். டாக்டரோ நர்ஸைத் திரும்பிப் பார்த்தார்.

"எழுதிக் குடுங்க. மொத பேரு என்னோடது."

படிவம் வந்தது. அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அன்றைக்கு அதற்கு நேரமில்லை. மனைவி ஒரே மூச்சில் வாசித்துக் காட்ட, கோணல்மாணலாகத் தன் கையெழுத்தைப் போட்டார். தள்ளுவண்டி நகர்ந்தபோது விசிலை நர்ஸ் பிடுங்கிக்கொண்டாள்.

"இது என்கிட்ட இருக்கட்டும். வீட்டுக்குப் போகும்போது வாங்கிக்கங்க."

"பத்திரம் சிஸ்டர். சும்மா ஊதாதீங்க, எல்லாம் நின்னுடும்."

கால் நின்றது. ஒரே நாளில் இல்லை. இரண்டு பக்கமும் நீளமாகக் கீறிய புண்ணை மூடாமல் கட்டி வைத்திருந்தார்கள். வெளியிலிருந்து எலும்புக்குள் கம்பி கொடுத்துப் பூட்டியிருந்தார்கள். "வாழ்க்கை பூரா கம்பிக்குக் கை காட்டினேன், இப்போ என் மேலயே கட்டிட்டாங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஆறாம் நாள் தொடையிலிருந்து தோலெடுத்து மூடினார்கள். மூட்டைபோல் கிடந்த கால் மெதுவாக மெலிந்து அவருடைய காலானது. கட்டைவிரல் மட்டும் கொஞ்ச நாள் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. பிறகு அதுவும் அசைந்தது. பெயர் எழுதின காகிதத்தை மனைவி மடித்து இடுப்பில் வைத்திருந்தாள். ஒருவர் கால் மணி தாமதமானாலும் போய் நின்றுவிடுவாள். சண்டை போடமாட்டாள். காகிதத்தைப் பிரித்துக் காட்டுவாள், அவ்வளவுதான்.

இளம் டாக்டரும் தினம் வந்தார். முதல் நாள் வந்தபோது நகத்தைத் தொடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சொல்லுங்க, எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதில் முடியும் வரைக்கும் இருந்தார்.

பத்தாம் நாள் காலை, பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு லாரி டிரைவர் வந்தார். மீசையைப் பார்த்தால் மலையையே திருப்புவார் போலிருந்தது. கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. மத்தியானம் பார்த்தால், ஊசி குத்திய கை மணிக்கட்டுக்கு மேலே பன்ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. டிரைவர் அதைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டு உதட்டைக் கடித்துக் கிடந்தார்.

"அண்ணே, கை வீங்குதே. சொல்லலையா?"

"இருக்கட்டுங்க. அவங்களுக்கு ஆயிரம் வேலை. இதுக்கெல்லாம் போயி கூப்பிட்டா ஒரு மாதிரி நினைப்பாங்க. உங்ககிட்டயாவது விசில் இருந்துச்சாமே."

"இப்ப இல்லையே. பிடுங்கிட்டாங்க."

நர்ஸ் வார்டின் மறு கோடியில், யாருக்கோ மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தாள். விசில்காரர் எழுந்து உட்கார்ந்தார். முதுகைக் கட்டிலின் தலைமாட்டில் சாய்த்து, இரண்டு கைகளையும் தோளுக்கு நேராகப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, அசைத்தார். நிறுத்து என்று கிரேன் கேபினிலிருந்து பார்த்தாலும் தெரிகிற சைகை.

நர்ஸ் நிமிர்ந்தாள். ஒரு நொடி பார்த்தாள். மாத்திரையை அப்படியே மூடி வைத்துவிட்டு நேரே வந்தாள்.

"உங்களுக்கு என்ன?"

"எனக்கில்ல. அவருக்கு."

போர்வையை விலக்கிப் பார்த்தவள் குழாயை உடனே மூடினாள். "காலையிலேர்ந்தா இப்படி இருக்கு? அய்யோ, வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? மருந்தெல்லாம் வெளிய சதைக்குப் போயிருக்கு."

"தொந்தரவு எதுக்குன்னு..." என்று டிரைவர் மீசைக்குள் முனகினார்.

"மீசை வச்சிருக்கீங்க இவ்வளவு பெருசா" என்று சொல்லிக்கொண்டே அவள் ஊசியை உருவி, பஞ்சை வைத்து அழுத்தி, மறு கையில் புது நரம்பைத் தேட ஆரம்பித்தாள்.

"கையை எறக்குங்க மாமா, எல்லாரும் பாக்கறாங்க" என்றான், அப்போதுதான் உள்ளே வந்த மைத்துனன்.

"இரு மாப்ள. இன்னும் முடியல."

நர்ஸ் நரம்பைக் கண்டுபிடித்து, குத்தி, ஒட்டி, சொட்டு விழுவதை எண்ணிப் பார்த்து, "இப்ப எப்படி இருக்கு?" என்று டிரைவரைக் கேட்டாள். டிரைவர் கையை உயர்த்திப் பார்த்துவிட்டு, "இப்ப வலிக்கல சிஸ்டர்" என்றார், வார்டு முழுக்கக் கேட்கிற குரலில்.

விசில்காரர் கைகளை இறக்கினார்.