எல்மருக்குக் கொடுத்த மணல்

முதல் பனி விழுவதற்கு முந்திய ஏதாவது ஒரு சனிக்கிழமையில் எங்கள் சபையார் மணல் கட்டுவார்கள். சாலை இலாகாவின் மணல் கொட்டகை எங்கள் வேதக்கோயிலுக்கு எதிரிலேயே இருக்கிறது. ஆண்கள் மண்வெட்டியோடு வருவார்கள். பெண்கள் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் கொண்டுவருவார்கள். தலையணை போல நீளமான பைகளில் மணலை நிரப்பி, அவரவர் பிக்கப் வண்டியின் பின்தொட்டியில், பின் அச்சுக்கு நேர் மேலே அடுக்கிக்கொண்டு போவோம். பின்னால் கனம் இருந்தால்தான் சக்கரம் பனியைக் கவ்வும். அப்படியும் எங்காவது மாட்டிக்கொண்டால் ஒரு பையைக் கிழித்து மணலைச் சக்கரத்தடியில் கொட்டி ஏறிவிடலாம்.

பை நிரப்புவது எப்போதும் ரெய்னோ கங்காஸின் பொறுப்பு. அவன் சாலை இலாகாவில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். குவியலின் உச்சியிலிருந்து காய்ந்த மணலாகப் பார்த்து எடுப்பான். ஒவ்வொரு பையிலும் இரண்டு கை உப்பு கலப்பான். உப்பு கலந்த காய்ந்த மணல் எந்தக் குளிரிலும் கட்டியாகாது. ரெய்னோ கட்டிய பை உறைந்துபோனதாக யாரும் சொன்னதில்லை.

ஆனால் அந்த வருஷம் அவன் மனது உறைந்து கிடந்தது.

அதற்கு முந்திய ஜனவரியில், பாட்டுப் பயிற்சி முடிந்து கோயில் படியை விட்டு இறங்கிக்கொண்டிருந்தாள் அவன் மனைவி ஐலி. மேட்டிலிருந்து இறங்கி வந்த எல்மர் டெர்வோவின் பிக்கப், வளைவில் பின்பக்கம் சுழன்று அவளைக் கைப்பிடிச் சுவரோடு சேர்த்து அழுத்தியது. இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. எல்மரின் வண்டித் தொட்டியில் ஒரு பை மணல்கூட இல்லை. “மணல் போடு எல்மர்” என்று ரெய்னோ அதற்கு முன்பே சொல்லியிருந்தான். “அதெல்லாம் கெழவனுங்களுக்குப்பா” என்று எல்மர் சிரித்திருந்தான். இரண்டு பேரும் ஒரே வயது. சுரங்கம் மூடுகிற வரைக்கும் ஒரே கூண்டில் கீழே இறங்கி வேலை பார்த்தவர்கள்.

விசாரிக்க வந்த ஷெரீபிடம் எல்மர் ஒரே வாக்கியம்தான் சொன்னான். “ஐஸ் வழுக்கிடுச்சு.” ஷெரீப் அதையே எழுதிக்கொண்டு போனார்.

அந்த வாக்கியம் ரெய்னோவின் தொண்டையில் முள்ளாகச் சிக்கியது. ஐலி ஊன்றுகோலை ஊன்றி எழும்போதெல்லாம் அது குத்தியது. ஐலி எப்போதோ மன்னித்துவிட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபோதே, “அவனும்தான் தூங்காம கெடப்பான்” என்றாள். அது ரெய்னோவுக்கு இன்னும் எரிச்சலைத் தந்தது. தன் பங்கையும் சேர்த்து அவள் மன்னித்துவிட்டது போல அவனுக்குப் பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் சபை சேர்ந்து ஜெபிக்கையில், பிறரை மன்னிப்பது பற்றிய வரி வந்ததும் அவன் வாய் மூடிக்கொள்ளும். பக்கத்தில் நிற்கும் ஐலிக்கு அந்த மௌனம் கேட்கும்.

அந்த மணல் சனிக்கிழமை, எல்லோரும் ஏறக்குறையக் கிளம்பிய பிறகு, எல்மர் தன் வண்டியைக் கொட்டகைக்குள் பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தினான். காப்பி குடித்துக்கொண்டு மிச்சமிருந்த சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

“ரெய்னோ” என்றான் எல்மர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். “எனக்கும் கொஞ்சம் மணல் வேணும்.”

“உனக்கா? மணலா?” என்று பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். “அதெல்லாம் கெழவனுங்களுக்காச்சே எல்மர்.”

“கெழவனாயிட்டேன்” என்றான் எல்மர். அவன் கண் ரெய்னோவை விட்டு நகரவில்லை. வேறு ஏதோ சொல்ல வாய் எடுத்தவன் போல நின்றான். தொப்பியைச் சுற்றிச் சுற்றித் திருப்பினான். “நீ கட்டிக் குடுத்தா நல்லாருக்கும்” என்றான் கடைசியில்.

ரெய்னோ மண்வெட்டியை எடுத்தான். குவியலின் உச்சிக்கு ஏறவில்லை. பின்பக்கம் போய், கூரை ஒழுகி ஊறிப்போன அடிமணலைத் தோண்டினான். அவன் உடம்பே மறைத்ததால் யாரும் பார்க்கவில்லை. உப்பு வாளியைத் தொடவில்லை. ஈர மணலாக ஐந்து பை அடைத்து, வாயை இறுக்கிக் கட்டி, தானே தூக்கிப்போய்த் தொட்டியில் வைத்தான். வழக்கமாகப் பைகள் நகராமல் இருக்கக் குறுக்கே ஒரு கட்டை வைத்து முடுக்குவான். அதையும் வைக்கவில்லை.

“கனமா இருக்கே” என்றான் எல்மர்.

“கனம்தானே வேணும்னு வந்தே” என்றான் ரெய்னோ.

அவனுக்குத் தெரியும். முதல் கடுங்குளிரில் அந்தப் பைகள் மரக்கட்டை போல இறுகிவிடும். மாட்டிக்கொண்ட இடத்தில் கிழித்துக் கொட்டலாம் என்று போனால் ஒரு பிடி மணல்கூட உதிராது. அதைவிட மோசம் ஒன்று இருந்தது. காய்ந்த மணல் பை போட்ட இடத்தில் தொய்ந்து கிடக்கும். உறைந்த பையோ பனிச்சறுக்கு வண்டி மாதிரி வழுக்கி ஓடும். சட்டென்று பிரேக் போட்டால் முன்னால் பாய்ந்து, பின்கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஓட்டுகிறவன் பிடரியில் வந்து இறங்கும். ரெய்னோ இதையெல்லாம் யோசிக்காமல் செய்யவில்லை. யோசித்தான். வீட்டுக்குப் போகும் வழியில் அவன் சீட்டி அடித்துக்கொண்டு போனான். பல மாதங்களாக அவன் சீட்டி அடித்ததில்லை.

பனி வந்தது. ஊரை ஒட்டிய பெரிய ஏரியிலிருந்து எழுந்து வந்து நாள் தவறாமல் கொட்டியது. விடிவதற்கு முன்பே பனி தள்ளக் கிளம்பும் ரெய்னோ, ஒவ்வொரு பள்ளத்திலும் எல்மரின் பச்சை வண்டி கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டினான். எல்மர் வீட்டு வாசலைக் கடக்கையில் பனி தள்ளும் தகட்டைச் சற்றே சாய்த்து, அவன் பாதையை இடுப்பளவு பனிச்சுவரால் அடைத்துவிட்டுப் போனான். எல்மர் அதைத் தினமும் மண்வெட்டியால் வெட்டி விலக்கினான். ரெய்னோவைப் பார்த்தால் கையை உயர்த்துவான். ரெய்னோ உயர்த்தமாட்டான்.

கோயில் வாசலில் நிற்கும்போது எல்மரின் வண்டித் தொட்டியைத் தார்ப்பாய் போர்த்தி இருப்பதை ரெய்னோ கவனித்தான். அதன் அடியில் ஐந்து கற்கள் கிடக்கின்றன என்று நினைத்துக்கொண்டான். பாட்டுப் புத்தகத்தை விரித்தவனின் முகத்தில் அமைதி இருந்தது. இறைவன் அதைக் கண்டு ஏமாறவில்லை என்றே நினைக்கிறேன்.

வியாழக்கிழமைதோறும் ஐலி ஹான்காக் ஆஸ்பத்திரிக்கு நடைப்பயிற்சிக்குப் போய்வந்தாள். பனி கொட்டும் நாளில் ரெய்னோவால் வேலையை விட்டு வர முடியாது. “சபையில ஒருத்தர் கூட்டிட்டுப் போறாங்க” என்றாள். சபையில் நல்லவர்களுக்கா பஞ்சம்? யார் என்று அவன் கேட்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, வேலை முடித்து மத்தியானம் கோயிலுக்கு வந்தான். கீழறையில் கிடந்த பழைய பெஞ்சுகளை முதியோர் இல்லத்துக்கு ஏற்றிப்போகக் கேட்டிருந்தார்கள். இடம் வேண்டுமென்று தன் வண்டியிலிருந்த மணல் பைகளைத் தூக்கிச் சுவரோரம் வைத்தான். சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் ஹில்மா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

“ஐலி இன்னிக்குக் கம்பியப் புடிக்காம நடக்கப்போறாளாமே” என்றாள். “எல்மர் சொன்னான். அவன் மூஞ்சிய நீ பார்க்கணும். தானே நடக்கப்போற மாதிரி.”

“எல்மரா?”

ஹில்மா கைத்துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு, “உனக்கு மட்டும்தான் தெரியாது ரெய்னோ” என்றாள். “உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு அவ தவிச்சா. போன கோடையில அவன் வந்து, நான் கூட்டிட்டுப் போறேன்னு நின்னான். அவ என்ன சொன்னா தெரியுமா? பின்னால மணல் இல்லாத வண்டியில ஏறமாட்டேன், அதுவும் ரெய்னோ கையால வாங்கின மணலா இருக்கணும்னா. மன்னிப்புன்னு வாய் தொறந்து கேக்க இந்த ஊர் ஆம்பளைங்களுக்கு வராது. மணலாவது கேக்கட்டும்னு சொன்னா.”

தொப்பியைச் சுற்றிச் சுற்றித் திருப்பிய கைகள் ரெய்னோவின் கண்முன் வந்தன. அடுத்து வந்தது பின்கண்ணாடி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இரண்டு பிடரிகள்.

“எப்ப கெளம்பினாங்க?”

“இந்நேரம் திரும்பிக்கிட்டிருப்பாங்க. ஏன், என்ன ஆச்சு? ரெய்னோ, பெஞ்சு...”

அவன் வண்டியைக் கிளப்பிவிட்டான். மேடேறி, அந்தப் பக்கத்துச் சரிவில் இறங்கும்போதுதான் தொட்டி காலியாக இருப்பது நினைவுக்கு வந்தது. அதற்குள் வளைவு வந்துவிட்டது. பிரேக்கைத் தொட்டான். பின்பக்கம் அவனை முந்திக்கொண்டு சுழன்றது. காலையில் தானே தள்ளிக் குவித்த பனிச்சுவருக்குள் வண்டி பக்கவாட்டில் போய்ச் செருகி நின்றது.

அடிபடவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கினான். சக்கரத்தடியில் போட ஒரு பிடி மணல் இல்லை. ஊருக்கெல்லாம் மணல் கட்டிக் கொடுக்கிறவன் நடுச்சாலையில் வெறுங்கையோடு நின்றான். யாருக்குக் கேடு வர வேண்டுமென்று இத்தனை நாள் காத்திருந்தானோ அவனுக்கு அது வந்துவிடக்கூடாதே என்று, அந்த வருஷத்தில் முதல் முறையாக, உண்மையாக ஜெபித்தான்.

கீழேயிருந்து பச்சை வண்டி வந்தது. மெதுவாக, வால் ஆடாமல், நூல் பிடித்தது போல ஏறி வந்து அவன் அருகில் நின்றது. உள்ளே ஐலி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஊன்றுகோல் குறுக்கே கிடந்தது. அவள் கண்ணாடியை இறக்கினாள்.

“ரெய்னோ? அடி ஏதும் பட்டுச்சா?”

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான்.

எல்மர் இறங்கிப் பனிச்சுவரைப் பார்த்தான். ரெய்னோவின் காலித் தொட்டியையும் பார்த்தான். “ரெண்டு பை போதும்” என்று தார்ப்பாயை விலக்கிக் கத்தியை எடுத்தான்.

“விடு” என்றான் ரெய்னோ. “அது கொட்டாது.”

எல்மரின் கத்தி நின்றது. ஐலி மெல்லத் திரும்பினாள்.

“ஏன் கொட்டாது?” என்று கேட்டாள்.

ரெய்னோ சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. முப்பது வருஷம் மணல்காரனோடு குடும்பம் நடத்தியவள் அவள். அவள் முகம் வெளிறியது. “அத என் முதுகுக்குப் பின்னாலயா வெச்சே?” என்றாள்.

“நீ இருக்கேன்னு தெரியாது.”

“வேற யார் இருந்தா பரவாயில்ல?”

எல்மர் பையின் வயிற்றைக் கத்தியால் கீறினான். மணல் சரசரவென்று கோதுமை போல அவன் பூட்ஸ் மேல் கொட்டியது. காய்ந்த மணல். இடையிடையே உப்புக் கற்கள் வெள்ளையாக மின்னின.

“கொஞ்சம் ஈரமா இருந்துச்சு” என்றான் எல்மர், யாரையும் பார்க்காமல். “சனிக்கிழமை வேர்வைக் குளியல் முடிச்சதும் சௌனா அறையோட சூடு வீணாத்தானே போகுது. பலகை மேல தகரத்தப் போட்டு, பரப்பிக் கிளறி, உப்பும் கலந்தேன். வேர்க்க வேண்டியது நீயா மணலான்னு என் தங்கச்சி ஒரு மாசம் திட்டினா. அது உலர்ற வரைக்கும் ஐலிய அவ கார்லதான் கூட்டிட்டுப் போனேன்.”

“நான் வேணும்னுதான் அப்படிக் கட்டினேன்” என்றான் ரெய்னோ. “தெரிஞ்சுதான் செஞ்சேன்.”

“தெரியும். உன் கையால ஈர மணல் தவறிப்போயா வரும்?”

“அப்புறம் ஏன் கேக்கல?”

எல்மர் கத்தியை மடித்தான். “நான் பண்ணினதுக்கு நீ கல்லு குடுப்பேன்னு நெனச்சு வந்தேன். மணல்தான் குடுத்தே.” பூட்ஸ் மேலிருந்த மணலை உதறினான். “அன்னிக்குத் தப்பு ஐஸ் மேல இல்ல ரெய்னோ. வண்டி காலியா இருந்துச்சு. நான்தான்.”

ஒரு வருஷமாக ரெய்னோ அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தான். அது கிடைக்கும்போது எல்மர் குனிந்து நிற்க, தான் நிமிர்ந்து நிற்பதாகத்தான் எப்போதும் கற்பனை செய்திருந்தான். இப்போது இரண்டு பேரும் ஒரே சாலையில், ஒரே அளவு பனியில், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்கள்.

இரண்டு பை மணலைச் சக்கரத்தடியில் பரப்பினார்கள். எல்மர் தோள் கொடுத்துத் தள்ள, ரெய்னோவின் வண்டி முனகிக்கொண்டு சாலைக்கு ஏறியது. ரெய்னோ இறங்கி வந்து ஐலியின் கதவைத் திறந்து கையை நீட்டினான்.

“வா. வீட்டுக்குப் போலாம்.”

ஐலி அவனுடைய வண்டித் தொட்டியைப் பார்த்தாள். “நான் வரல” என்றாள். “பின்னால மணல் இல்லாத வண்டியில ஏறமாட்டேன்.”

அவள் குரலில் கோபம் இருந்தது. அது அடங்கச் சில வாரம் பிடித்தது என்று பிறகு சொன்னாள். ஆனாலும் அவள் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. கணவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரெய்னோ திரும்பி நின்றான். தொப்பியைக் கழற்றினான். கை தானாக அதைச் சுற்றிச் சுற்றித் திருப்பியது.

“எல்மர்” என்றான். “எனக்குக் கொஞ்சம் மணல் வேணும்.”

எல்மர் மிச்சமிருந்த பைகளில் ஒன்றைத் தூக்கித் தோளில் சாத்திக்கொண்டான்.

“ஈரமா, காஞ்சதா?” என்று கேட்டான்.