ஸம்ஸியாவின் வெள்ளைத் தொட்டி

சாய்ந்தமருதில் ஸம்ஸியாவின் குசினியிலுள்ள பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீர் இறங்க வேண்டுமென்றால் வீட்டுக்குள் இரண்டு பேர் கதைத்துக்கொண்டிருக்க வேண்டும். கதை நின்றால் தண்ணீரும் நின்றுவிடும். ஊரில் வேறு எந்தத் தொட்டிக்கும் இந்தப் பழக்கம் இல்லை.

தொட்டி கட்டாரிலிருந்து வந்தது. ஸம்ஸியாவின் கணவர் ஜவுபர் அங்கே பெரிய வீடுகளுக்குக் குசினி பொருத்தும் வேலை செய்தார். சூட்டுக்குத் தாங்கும் களிமண்ணைக் கையால் அச்சில் அமுக்கி, காயவிட்டு, வெள்ளைப் பூச்சுப் பூசி, சூளையில் சுட்டெடுத்த தொட்டி அது. கையால் செய்தது ஒன்றைப்போல் ஒன்று இராது. சூட்டில் கொஞ்சம் சுருங்கும், ஒரு பக்கம் லேசாக வளையும். அதனால் தொட்டியை அளந்த பிறகுதான் அது உட்காரும் பலகையை வெட்ட வேண்டும். யாரோ ஓர் அவசரக்காரன் பலகையை முதலில் வெட்டிவிட்டான். தொட்டி அதில் உட்காரவில்லை, வீட்டுக்காரர் வீசச் சொன்னார். ஜவுபர் கேட்டு வாங்கி, பேரீச்சம்பழத்துக்கும் கம்பளிகளுக்கும் நடுவில் வைத்துக் கார்கோவில் அனுப்பினார். லீவில் வந்து, இனி உடைத்தால்தான் எடுக்கலாம் என்கிற மாதிரி அதைச் சீமெந்தில் பதித்தார். முன்விளிம்புக்கு அடியில் செய்தவனின் பெருவிரல் அமுங்கிய குழி ஒன்று இருந்தது. அந்த ஆள் யாரென்று ஒருவருக்கும் தெரியாது.

தொட்டியைப் பேண ஜவுபர் சொல்லிக்கொடுத்ததை ஸம்ஸியா தொழுகைக்கு அடுத்தபடியாக வைத்திருந்தாள். கொதிக்கிற கஞ்சியை நேரே ஊற்றமாட்டாள், பைப்பைத் திறந்து பச்சைத் தண்ணீரை ஓடவிட்டுத்தான் ஊற்றுவாள். கம்பிப் பஞ்சு அந்தப் பக்கமே வராது. அலுமினியச் சட்டி போட்ட சாம்பல் கோடு கீறல் அல்ல, சட்டியின் உலோகம்தான் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அப்பச்சோடாவை நனைத்து மெல்லிய துணியால் தேய்த்தால் அது போய்விடும். வேலை முடிந்ததும் ஈரத்தை ஒற்றி எடுப்பாள். வருடங்கள் போயும் வெள்ளை மங்கவில்லை.

அந்த வருடங்களில் தொட்டியின் குணம் யாருக்கும் தெரியவரவில்லை, ஏனென்றால் வீட்டில் கதைக்குக் குறைவில்லை. ஜவுபர் ஊரோடு வந்துவிட்டார். மகள் அம்ஹாவுக்கு வாய் ஓயாது. பக்கத்து வளவிலிருந்து ஸம்ஸியாவின் கூடப்பிறந்த ராத்தா ஸுலைஹா வேலியில் விட்டிருந்த கடப்பால் நுழைந்து வந்து ஊர்ப் புதினம் முழுவதையும் கொட்டிவிட்டுப் போவாள். பிறகு அம்ஹா கலியாணம் முடித்தாள். இந்தக் கரையில் வீடு பெண்பிள்ளைக்குத்தான், ஆகவே வீடு அவள் பெயருக்குப் போனது, அவள் கணவனோடு கட்டாருக்குப் போனாள். அடுத்த வருடம் ஜவுபர் மௌத்தானார்.

கணவனை இழந்தவள் நான்கு மாதம் வெளியே இறங்காமல் இருக்கும் இத்தாவில் ஸம்ஸியா இருந்தபோது ஸுலைஹா ஒரு பூப்போட்ட கோப்பையில் இடியப்பமும் கறியும் அனுப்பினாள். ஸம்ஸியா அழுதுகொண்டே சாப்பிட்டு, கோப்பையைக் கழுவித் துடைத்து, வெறுமையாகத் திருப்பி அனுப்பினாள். இங்கே சாப்பாடு வந்த கோப்பை வெறுமையாகத் திரும்பாது. ஒன்றும் இல்லாத வீட்டில்கூட ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடுப்பார்கள். வெறுங்கோப்பைக்கு ஒரே அர்த்தம், இனி அனுப்ப வேண்டாம் என்பது. ஸுலைஹா அப்படித்தான் விளங்கிக்கொண்டு கடப்பைத் தகரத்தால் அடைத்தாள். ஸம்ஸியா தன் பிழையை உணர்ந்தபோது வெட்கம் வந்துவிட்டது. வெட்கத்தோடு வருடங்கள் ஓடின.

கடப்பு அடைபட்ட பிறகுதான் தண்ணீர் நிற்கத் தொடங்கியது. பெரியநீலாவணையிலிருந்து பைப் வேலை செய்யும் தனஞ்சயன் பாஸ் வந்தார். அவர் குசினிக்குள் வந்து சுகம் விசாரித்தபோதே தொட்டி காலியாகிவிட்டது. அவர் போனதும் மறுபடி நின்றது. மூன்றாம் முறை வந்தபோது அவருக்கு விளங்கிவிட்டது.

"பைப்பில ஒரு பிழையும் இல்ல அக்கா. நாம கதைக்கக்குள்ள இறங்குது" என்றார்.

ஸம்ஸியா தனக்குத்தானே கதைத்துப் பார்த்தாள். வானொலியை வைத்துப் பார்த்தாள். அம்ஹாவுக்குப் போன் எடுத்துத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தொட்டி வீட்டில் இருக்கிற ஆளைத்தான் ஆளாக எடுத்தது. மீன்காரனைக் கூப்பிட்டாள், குசினிவரை வர அவன் ஒப்பவில்லை, அது முறையுமில்லை. ஒரு பீங்கானும் ஒரு தேயிலைக் கோப்பையும் கழுவிய தண்ணீரை வாளியில் அள்ளி வாழைக்கு ஊற்றினாள். சில நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு விளிம்பின் அடியிலுள்ள குழிக்குள் தன் பெருவிரலை வைத்துக்கொண்டு சும்மா நிற்பாள். அவளுக்குத் தனிமை தாங்க முடியாமல் இருந்தது.

ஒரு நாள் வாளியோடு வழுக்கி விழுந்தாள். போனில் விஷயத்தைச் சொன்னதும் அம்ஹா பயந்துபோனாள். உம்மாவின் முழங்காலைவிட, தண்ணீர் கதை கேட்கிறது என்று உம்மா சொன்னதுதான் அவளை அதிகம் பயப்படுத்தியது. கல்முனையில் ஒரு சில்வர் தொட்டிக்குச் சொல்லி, சனிக்கிழமை பழையதை உடைத்தெடுக்கத் தனஞ்சயனையும் ஒழுங்குபண்ணினாள். வீடு அவளுடையது, ஸம்ஸியாவால் மறுக்க முடியவில்லை. ஆனால் ஜவுபரின் கை பட்டதென்று அந்த வீட்டில் மிஞ்சியிருந்தது அந்தத் தொட்டி ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை அவள் வட்டிலப்பம் அவித்து, தன் கோப்பையில் போட்டு, தெருவால் சுற்றி நொண்டிக்கொண்டு போய் ஸுலைஹாவின் கையில் கொடுத்தாள். ஸுலைஹா வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

சனிக்கிழமை தனஞ்சயன் சுத்தியலோடு வந்தார். தொடங்கட்டுமா என்று கேட்டார். ஸம்ஸியா பதில் சொல்லாமல் கதிரையில் இருந்தாள், முந்தின நாள் தண்ணீர் தொட்டியில் அசையாமல் கிடந்தது. அவர் சுத்தியலை ஓங்கும்போது வெளியே தகரம் பிடுங்கும் சத்தம் கேட்டது. ஸுலைஹா கடப்பால் நுழைந்து வந்து கோப்பையை மேசையில் வைத்தாள். கோப்பை வெறுமையாக இருந்தது.

"பாத்தியா புள்ள, வெறுங்கோப்ப எப்பிடி இரிக்கிண்டு?"

"ஓம் ராத்தா. இத்தாவில இருந்தவள் என்னத்தப் போட்டு அனுப்புற?"

"ஒரு பிடி சீனியும் இல்லாமப் போச்சா உன்ட வீட்டில?"

தொட்டி ஒரே இழுப்பில் காலியானது. தனஞ்சயன் சுத்தியலைப் பைக்குள் வைத்துவிட்டு, அம்ஹாவுக்கு என்ன சொல்வதென்று யோசித்தபடி போனார்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் அஸர் தொழுததும் ஸுலைஹா தன் கழுவாத பாத்திரங்களையும் தூக்கிக்கொண்டு வந்தாள். இருவரும் காணி எல்லை, மாசிக் கருவாட்டின் விலை, உம்மாவின் சங்கிலி என்று ஏதாவதொன்றுக்குச் சண்டை பிடித்தார்கள், தண்ணீர் தடையில்லாமல் போனது. வளவில் போட்டிருந்த சில்வர் தொட்டியில் கோழிகள் தண்ணீர் குடித்தன.

இந்த மாரியில் ஸுலைஹாவுக்கு மூச்சு இளைக்கத் தொடங்கியது. ஒரு நாள் வந்து கதிரையில் உட்கார்ந்தவள் ஒன்றும் கதைக்கவில்லை. ஸம்ஸியாவும் கேட்கவில்லை, என்ன பதில் வருமோ என்று பயந்தாள். பாத்திரங்களைக் கழுவி முடித்தபோது சவர்க்காரத் தண்ணீர் விளிம்புவரை நின்றது. அவள் வாளியை எடுக்கக் குனிந்தாள். அப்போது, ஒருவரும் ஒரு சொல்லும் கதைக்காமலே, தண்ணீர் இறங்கத் தொடங்கியது. இருவரும் கடைசிச் சொட்டுவரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஸம்ஸியா துணியை எடுத்து ஈரத்தை ஒற்றினாள்.