ஆடாமல் பிடித்த துணி

நாற்பத்தாறாயிரத்து இருநூற்றைம்பது ரூபாய். மேசன் யாக்கோப்புக்கு அன்ரோ கொடுக்க வேண்டிய காசு அவ்வளவு. பதினொரு நாள் கூலி நாற்பத்து நாலாயிரம். மிச்சம், யாக்கோப்பு தன் கைக்காசில் வாங்கிப் பூசிய சுவர்ப் புட்டி மாவுக்கு.

அன்ரோ வேறு ஆளல்ல, யாக்கோப்பின் மனைவி ஞானமலரின் தம்பி. கட்டாரில் ஒன்பது வருடம் உழைத்துவிட்டு வந்து, செட்டிபாளையத்தில் வாவிப் பக்கமாக மாடி வீடு கட்டினான். மாடியில் ஓர் அறை படம் பார்ப்பதற்கென்றே. திரை வாங்கினால் வீண்செலவு, சுவரையே திரையாக்கித் தாருங்கள் அத்தான் என்று கேட்டான். யாக்கோப்பு பூசிக் கொடுத்த சுவரில் உள்ளங்கையை வைத்து இழுத்தால் ஒரு மணல் தட்டுப்படாது.

சொந்த மைத்துனனிடம் கூலி கேட்க வாய் வராமல் இரண்டு மாதம் போய்விட்டது. அதற்குள் கரண்ட்காரர் வந்து யாக்கோப்பு வீட்டு வயரை வெட்டிவிட்டார்கள். நிலுவை முப்பத்தோராயிரம். மகள் சுஜீவாவுக்கு ஓ.எல். சோதனைக்கு ஆறு கிழமைதான் இருந்தது. குப்பி விளக்கில் படித்துப் படித்து அவள் மூக்கைச் சிந்தினால் கரியாக வந்தது.

வேறு வழியில்லாமல் ஒருநாள் கேட்டார்.

"தாறன் அத்தான்," என்றான் அன்ரோ. "புரொஜெக்டருக்கு எண்டு தொண்ணூறாயிரம் ஒதுக்கி வச்சிரிக்கன். வாங்கி மிஞ்சிறது உங்களுக்கு. நீங்களும் வாங்க, சாமான் தூக்க ஒரு ஆள் வேணும்."

சனிக்கிழமை அன்ரோவின் வான் வண்டியில் காத்தான்குடிக்குப் போனார்கள். கடைக்காரர் ஹில்மி இரண்டு புரொஜெக்டர்களை மேசையில் வைத்தார். ஒன்று எண்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு. மற்றது நாற்பத்திரண்டாயிரம். மலிவானதின் பெட்டி பெரிது, அதில் போட்டிருந்த எண்களும் பெரிது. யாக்கோப்பு மனதுக்குள் கழித்துப் பார்த்தார். விலை கூடியதை வாங்கினால் மிஞ்சுவது ஆயிரத்து ஐந்நூறு. மற்றதை வாங்கினால் நாற்பத்தெட்டாயிரம். தன் கணக்கு தீர்ந்தும் மிஞ்சும்.

அன்ரோவுக்கு யாரோ போன் எடுத்தார்கள். அவன் பேசிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினான். யாக்கோப்பு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, ரெண்டிலயும் ஆயிரத்து எண்பது எண்டுதானே எழுதியிரிக்கு. ஏன் விலையில இவ்வளவு வித்தியாசம்?"

"எழுதியிரிக்கிறது சரி அண்ணன். ஆனா இந்த மலிவுச் சாமான் எச்.டி. படத்த உள்ள எடுக்கும், வெளியில காட்டக்குள்ள நானூற்றி எண்பதுதான் காட்டும். வெளிச்சமும் பெட்டியில போட்ட அளவு இல்ல. சின்னத் துணியில தெரியாது. பெரிய சுவருல அடிச்சா மூஞ்சி விளங்காது. அவருக்கும் சொல்லுங்க."

யாக்கோப்புக்கு நன்றாகவே விளங்கியது. எட்டுச் சட்டி மணலுக்கு ஒரு சட்டி சீமெந்து போட்டுப் பூசிவிட்டு, மேலே வடிவாகப் பெயின்ட் அடிக்கிற வேலை. அப்படிப் பூசிய மேசன்மாரை அவர் வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறார்.

அன்ரோ திரும்பி வந்தான். போட்டுக் காட்டச் சொன்னான். கடைச் சுவர் முழுக்கத் தட்டுகளாக இருந்ததால் ஹில்மி ஒரு வெள்ளைத் துணியை எடுத்துக் கொடுத்தார்.

"அத்தான் பிடிப்பார்," என்றான் அன்ரோ. "அவருக்குக் கை தூக்கி நிக்கிறதுதானே தொழில்."

யாக்கோப்பு துணியைத் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தார். முதலில் நல்லதைப் போட்டார்கள். அவர் முழங்கையை மெல்லத் தளர்த்தினார். துணி நடுங்கியது, படத்தில் நின்ற பெண்ணின் முகம் தண்ணீரில் கிடந்தது போல நெளிந்தது.

"ஆடாம பிடிங்க அத்தான். வயசு போயிற்றா?"

"கை உளையுது மனே."

பிறகு மலிவானது. யாக்கோப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டார். நூல் பிடித்த சுவர் மாதிரித் துணி நின்றது. ஹில்மி வேறொருவரைக் கவனிக்க முன்பக்கம் போயிருந்தார்.

"எனக்கெண்டா இதுதான் தெளிவு மாதிரிக் கிடக்கு," என்றான் அன்ரோ. "கடைக்காரன் உங்களுக்கு என்ன சொன்னான்?"

"ரெண்டும் ஒண்டுதானாம். மற்றதுக்குப் பேருக்குத்தான் காசாம்."

அன்ரோ நாற்பத்திரண்டாயிரத்தை எண்ணிக் கொடுத்தான். வரும் வழியில் புரியாணியும் வாங்கிக் கொடுத்தான். "மிச்சத்த நாளைக்குத் தாறன், படம் போட்டுப் பாத்திற்று," என்றான்.

ஞாயிறு பின்னேரம் மாடி அறை நிறைந்திருந்தது. கோயிலால் வந்த சனம், அன்ரோவின் கூட்டாளி நிதுர்ஷன், தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்க ஞானமலர். ஜன்னல்களைச் சாத்திவிட்டு கிரிக்கெட் மட்ச்சைப் போட்டார்கள். யாக்கோப்பின் சுவரில் குறை ஒன்றும் இல்லை. அதனால் படத்தின் குறை முழுவதும் தெரிந்தது. ஆட்கள் சுண்ணாம்பில் முக்கி எடுத்தவர்கள் போல நின்றார்கள். பந்தைக் காணவில்லை. ஓட்ட எண்ணிக்கையை ஒருவராலும் வாசிக்க முடியவில்லை.

"கட்டார்ல ஒம்பது வருசம் இருந்து இதையா மச்சான் வாங்கினாய்?" என்றான் நிதுர்ஷன். "இது எச்.டி. இல்ல. கடையில சொல்லல்லயா?"

சனம் சிரித்தது. அன்ரோ எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஹில்மிக்கு போன் எடுத்தான்.

"நான் உங்களோட வந்த அண்ணனுக்கு வடிவா விளங்கப்படுத்தினனே," என்றது போன். "உங்களுக்கும் சொல்லச் சொன்னன். அவர் சொல்லல்லயா?"

ஞானமலர் கையில் தட்டத்தோடு புருசனின் முகத்தைப் பார்த்தாள். யாக்கோப்பு சுவரைப் பார்த்தார்.

"திருப்பி எடுப்பீங்களா?" என்று கேட்டான் அன்ரோ.

"பெட்டி உடைச்ச சாமான எடுக்க ஏலா அண்ணன். வேணுமெண்டா பழசுக்கு ஒம்பதாயிரம் தரலாம்."

அன்ரோ கோபப்படவில்லை. அதுதான் யாக்கோப்புக்குப் பயமாக இருந்தது. அவன் புரொஜெக்டரைக் கழற்றி, வயரைச் சுற்றி, பெட்டிக்குள் பக்குவமாக வைத்தான். பிறகு கட்டிட வேலைக் கணக்குக் கொப்பியை எடுத்து வந்தான்.

"நீங்க விரும்பி எடுத்த சாமான் அத்தான். நீங்களே வச்சிக்கங்க. இது நாற்பத்திரண்டாயிரம். போய் வந்த டீசல் ஆயிரம், புரியாணி எண்ணூறு. மிச்சம் ரெண்டாயிரத்து நானூற்றைம்பது இவ்வளவு பேருக்கு முன்னால நான் வெக்கப்பட்டதுக்கு. உங்கட கூலிக் கணக்குக்குச் சரியா வருதுதானே?"

"தம்பி, வீட்டில கரண்ட் இல்ல," என்றாள் ஞானமலர். "புள்ளைக்குச் சோதினை."

"கரண்ட் வந்த உடன பாக்கலாந்தானே அக்கா. பழுதாப் போற சாமானா?" என்று சிரித்தான். "மறுகா அத்தான், புதன்கிழம நல்லத எடுத்துக்கு வாறன். காசுக்கு என்ன, கிடக்கு. கூரையில மாட்ட ஓட்டை போட நீங்கதான் வரணும். அதுக்கு வேறயாக் கூலி தாறன்."

யாக்கோப்பு தலையை ஆட்டினார்.

அன்ரோ கொப்பியில் எழுதினான்: கணக்கு முழுவதும் தீர்ந்தது. யாக்கோப்பு கீழே கையெழுத்துப் போட்டார். சனிக்கிழமை துணியை ஆடாமல் பிடித்த அதே கைதான். எழுத்து கோட்டுக்குக் கீழே போய்விட்டது.

அன்ரோ அந்தத் தாளைக் கொப்பியிலிருந்து கிழித்து, மடித்து, பெட்டிக்குள் போட்டு மூடினான்.

"கேரண்டிச் சீட்டோட கிடக்கட்டும்," என்றான்.