பக்கத்தில் இருந்த மூன்று கோழிகள்

கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்ட கோழியை இழுக்க அவள் முழங்காலை ஊன்றிக் குனிந்தபோது, அவள் அழுவதாக நினைத்து யாரோ பின்னாலிருந்து தோளைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அழுதுடும்மா. மனசுக்குள்ளயே வெச்சுக்காத."

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா.

"அழல. கோழி உள்ள போயிடுச்சு."

அன்று மதியம்தான் அவள் புருஷனை அந்தக் கட்டிலிலிருந்து தூக்கிக்கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு எல்லோரும் திரும்பியிருந்தார்கள். தெருவில் அவரை டிரைவர் என்றுதான் சொல்வார்கள். பண்ணையிலிருந்து கறிக்கடைகளுக்கு பிராய்லர் கோழி ஏற்றிப்போகும் லாரியை இருபத்தாறு வருடம் ஓட்டியவர்.

கோழி தானாகவே வெளியே வந்தது. கனத்த உடம்பை இரண்டு பக்கமும் ஆட்டிக்கொண்டு, காலியான கட்டிலை ஒருமுறை சுற்றிவிட்டு, பின்வாசலைப் பார்த்து நடந்தது. அதற்குப் பெயர் பாப்பா. மற்ற இரண்டும் டீச்சர், குண்டு. கட்டிக்கொண்டு வந்த முப்பத்தோரு வருடத்தில் அவளை அவர் 'இந்தா' என்பதற்கு மேல் கூப்பிட்டதில்லை.

"கடைசியா எதாவது சொன்னாராம்மா?" என்று தையல்காரம்மா கேட்டாள்.

நேற்றிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள்.

"நான் சமையல்கட்டுல இருந்தேன்."

நேற்றுக் காலை அவர் வழக்கம்போல் தீவன டம்ளரோடு பின்பக்கம் போனார். அவள் ஜன்னலடியில் வாணலி தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் பேசுவது கேட்டது. கோழிகளோடுதான் பேசுகிறார், வேறு யாரோடு பேசப்போகிறார் என்று குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். பேச்சு நின்றதை அவள் கவனிக்கவேயில்லை. பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டு எட்டிப் பார்த்தபோது அவர் சுவரோரம் ஒருக்களித்துக் கிடந்தார். பாப்பா அவர் நெஞ்சோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. மற்ற இரண்டும் மடங்கிய முழங்காலுக்குப் பின்னால் அடைந்திருந்தன.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருடமாக ஆயா வேலை. சொந்தக்காரர்கள் டீ குடிக்கப் போயிருக்கும் நேரத்தில் போய்விடுகிறவர்கள் உண்டு. முன்பின் தெரியாத எத்தனையோ பேருக்கு அந்த நிமிஷத்தில் பக்கத்தில் நின்றவள் அவள். சொந்தப் புருஷனுக்கு, பத்தடி தூரத்தில், வாணலி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அவரை அப்படிப் பார்த்ததும் அவளுக்கு முதலில் பயம் வரவில்லை. இதிலும் நீங்கள்தான் முந்திக்கொண்டீர்களா என்று கோழிகள் மேல் ஒரு எரிச்சல் வந்தது. பிறகுதான் கத்தினாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, இனிச் சொல்லவும் மாட்டாள்.

பின்கட்டில் அவளுடைய தம்பி முக்காலியில் உட்கார்ந்திருந்தான். கறிக்கடை வைத்திருப்பவன். மகள் எதிரே சுவரில் சாய்ந்து நின்றாள்.

"அக்கா, தப்பா நினைக்காத. இதுங்கள என்ன பண்ணப் போற?"

"ஏன், உன் கடைக்கு வேணுமா?"

"நீ வேற. ஒரு வருஷத்துக்கு மேல ஆன பிராய்லர் கறிய எவன் வாங்குவான்? செருப்பு மாதிரி இருக்கும். நீ டியூட்டிக்குப் போயிட்டா யாரு பாத்துக்குவா, அதுக்குத்தான் கேக்குறேன். கூண்டு வண்டியிலயே இருக்கு."

"எடுத்துட்டுப் போயி?"

"அது என் வேலை. நீ கேக்காத."

"அது அப்பாவோட கோழி மாமா" என்றாள் மகள்.

"உங்கப்பா லாரியில போன லட்சம் கோழியும் யாரோடதும்மா?"

மகளுக்கு முகம் சிவந்தது. அம்மா பக்கம் திரும்பினாள். "ஒண்ணும் கஷ்டம் இல்லம்மா. காலையில ஒரு டம்ளர், சாயந்திரம் ஒரு டம்ளர். மூணுக்கும் சேத்துத்தான். அதுக்கு மேல கேட்டாலும் போடக்கூடாது. இதுங்களுக்கு வயிறு நிறைஞ்சது தெரியாது, வெச்சா தின்னுக்கிட்டே இருக்கும், நெஞ்சு வெடிச்சுப் போயிடும். பாப்பாவுக்கு மட்டும் காலுக்கடியில புண்ணு வரும், உப்புத் தண்ணியில…"

"உனக்கு எப்படி இவ்வளவு தெரியும்?"

"அப்பா போன்ல சொல்வார்."

"எப்ப?"

"தினமும்தான். நேத்து மட்டும்தான் போன் வரல. காலையில இங்க உக்காந்துக்கிட்டே பேசுவாரே. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. அவளோடு அவர் பேசியதெல்லாம் கேஸ் தீர்ந்ததும் உப்பு குறைந்ததும்தான். அவள் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அப்ப உங்க வீட்டுக்கே கொண்டு போ."

"நாலாவது மாடிம்மா."

"நானா வளக்கச் சொன்னேன்? எடை தேறாததுன்னு பண்ணையில கழிச்சுப் போட்டத தூக்கிட்டு வந்தாரு. ஒரு வார்த்தை என்னைக் கேட்டாரா?"

"எப்படியும் இன்னும் ஆறு மாசம்தாம்மா. அதுக்கு மேல இதுங்க தாங்காதாம்."

"அப்ப இன்னும் மூணு சாவு பாக்கச் சொல்ற."

தம்பி எழுந்து நின்று அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

"எடுத்துட்டுப் போடா" என்றாள்.

அவன் வண்டிக்குப் போனான். அவள் பின்வாசலுக்கு வந்தாள். சுவரோரம் தீவனத் தட்டு கோபுரமாக நிறைந்திருந்தது. மூன்று கோழிகளும் தலையைத் தூக்காமல் கொத்திக்கொண்டிருந்தன.

"நான்தாம்மா போட்டேன்" என்றாள் கூடவே வந்த தையல்காரம்மா. "பசியில கத்துச்சுங்க. வாயில்லா ஜீவன், துக்க வீட்டுல யாருக்கு ஞாபகம் இருக்கும்?"

தட்டை எடுத்திருக்கலாம். அவள் எடுக்கவில்லை. தின்னட்டும் என்று நின்றாள். அவர் கையால் ஒருநாளும் கிடைக்காத அளவு, இன்று கிடைக்கட்டும். டீச்சரும் குண்டும் களைத்துப்போய் உட்கார்ந்து உட்கார்ந்து தின்றன. பாப்பா அலகைத் திறந்து மூச்சு வாங்கியது. வாங்கிக்கொண்டே மறுபடி குனிந்தது. நிற்க முடியாமல் நெஞ்சு தரையில் பட்ட பிறகும் கழுத்தை மட்டும் நீட்டிக் கொத்தியது. அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

தம்பி கூண்டை இறக்கிவைத்தான். தொழில் பழக்கம், குனிந்த வேகத்தில் பாப்பாவை இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிவிட்டான். அது கத்தவில்லை. இறக்கைகள் மட்டும் குடை மாதிரி விரிந்து தொங்கின.

"காலைப் பிடிக்காதடா, உடைஞ்சிடும்!"

"உடைஞ்சா என்னக்கா இப்ப?"

அவள் பறிக்கிற மாதிரி வாங்கினாள். எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல், குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இத்தனை கனம் இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. முகத்துக்கு நேரே வந்த இறகுகளில் தீவன வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. அவள் மூக்கைப் புதைத்து மறுபடி இழுத்தாள்.

தைலம். நெஞ்சு வலிக்குத் தேய்க்கிற தைலம்.

வீட்டில் அந்தத் தைலம் கிடையாது. அவர் எங்கே வாங்கினார், எங்கே ஒளித்துவைத்தார், எத்தனை நாளாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்? வலி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பாள். அது தெரிந்துதான் சொல்லவில்லை.

"உங்கிட்ட சொன்னாரா, வலின்னு?" என்று மகளைக் கேட்டாள்.

"என்ன வலி?"

மகளுக்கும் தெரியாது.

"அக்கா, குடு. நேரமாகுது."

"நீ கிளம்பு."

"என்னக்கா, இப்பத்தான சொன்ன?"

"கிளம்புடா. கூண்டை எடுத்துட்டுப் போ." மகளிடம் திரும்பாமலே, "அந்தத் தட்டை எடுத்து உள்ள வை. முதல்ல தண்ணி கொண்டா" என்றாள்.

தையல்காரம்மா வேலிப் பக்கம் நகர்ந்தாள். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அவள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, கோழியை மடியில் சாய்த்து, மகள் கொண்டுவந்த தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றி அலகுக்கு நேரே நீட்டினாள். அது இரண்டு வாய் குடித்துத் தலையை நிமிர்த்தியது. கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு அடங்கியது.

"அம்மா, உள்ள வா. டீ ஆறுது."

"இங்க கொண்டா."

பாப்பா கண்ணை மூடியது. கீழ் இமை மெல்ல மேலே ஏறிக் கண்ணை மூடிற்று. எத்தனையோ கண்களை அவள் தன் விரலால் மேலிருந்து கீழே இழுத்து மூடியிருக்கிறாள். இப்படி மூடுவதைப் பார்த்ததில்லை. தொடை மரத்துப்போனது. பாப்பா மறுபடி கண்ணைத் திறக்கும்வரை அவள் காலை மாற்றவில்லை.